வாளையார் சாலையில் லாரியோடு ஓடுவது: கார், பைக் ஓட்டுபவர்களுக்குச் சில குறிப்புகள்

கோவையிலிருந்து வாளையார் தாண்டிப் பாலக்காடு, திருச்சூர் போகிறவர்கள் லாரியைத் தவிர்க்கவே முடியாது. சேலத்தில் தொடங்கிக் கொச்சிக்குப் போகும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. கேரளத்துக்குப் போகிற அரிசி, காய்கறி, முட்டை, சிமெண்ட், கம்பி என எல்லாம் இதன் வழியாகத்தான் போகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக்காரர்களுக்குக் கூடுதலாகப் பொள்ளாச்சித் திசையிலிருந்து வரும் டிப்பர்களும் இளநீர் லாரிகளும் உண்டு. நான்குவழிச் சாலையில் ஒருவிதமாகவும், எல்லைக் கிராமங்களின் குறுகலான சாலையில் வேறுவிதமாகவும் இவற்றோடு ஓட்ட வேண்டியிருக்கிறது.

லாரி ஓட்டுநர்களைத் திட்டுவது நம் ஊரில் சுலபமான பொழுதுபோக்கு. ஆனால் லாரியோடு நடக்கும் மோதல்களில் பெரும்பங்கு, லாரியால் செய்ய முடியாத ஒன்றை அது செய்துவிடும் என்று காரோ பைக்கோ நம்பியதால் வருகிறது. உடனே நிற்கும், நம்மைப் பார்த்திருக்கும், நமக்காக ஒதுங்கும் என்று நினைத்துவிடுகிறோம். இந்த மூன்றும் எப்போது நடக்காது என்பது லாரியை வெளியிலிருந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரியும்.

முதலில் எடை. 2018-இல் மத்திய அரசு ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) எடை வரம்பை உயர்த்தியபின், பத்துச் சக்கர லாரி (நம் பக்கம் டாரஸ் என்பது) சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம். டிரெய்லர் என்றால் 55 டன் வரை போகும். உங்கள் கார் ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் இருந்தால் அதிகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்து, காய்ந்த சாலையில் சுமார் 68 மீட்டரில் நிற்கும். அதே வேகத்தில் லோடு ஏற்றிய லாரிக்கு, பிரேக் நல்ல நிலையில் இருந்தாலும், 90 மீட்டருக்கு மேல் வேண்டும். ஏர் பிரேக்கில் பெடலை மிதித்ததும் காற்று குழாய் வழியாகப் பின்சக்கரம் வரை போய்ச் சேர அரை நொடி பிடிக்கும். அந்த அரை நொடியிலேயே லாரி 11 மீட்டர் ஓடிவிடும். லைனர் தேய்ந்திருந்தால், டிரம் சூடாகியிருந்தால் கணக்கு இன்னும் மோசம். ஆகவே லாரியை முந்திவிட்டு உடனே அதன் முன்னால் வந்து பிரேக் அடிக்கிறவர், அந்த ஓட்டுநரிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறார். உங்கள் உள்கண்ணாடியில் லாரியின் முகம் முழுதும், இரண்டு ஹெட்லைட்டும் பம்பரும் அதன் கீழே கொஞ்சம் சாலையும் தெரிந்த பிறகுதான் இடது லேனுக்குத் திரும்ப வேண்டும்.

லோடு இருக்கிறதா இல்லையா என்று பின்னாலிருந்தே சொல்லிவிடலாம். பன்னிரண்டு, பதினான்கு சக்கர வண்டிகளில் ஒரு ஆக்சிலைத் தூக்கி வைக்கும் வசதி உண்டு. அந்தச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கினால் வண்டி காலி. காலி லாரி வேகமாகப் போகும், பள்ளத்தில் துள்ளும், பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் இழுக்கும். பிளேட் ஸ்பிரிங் தட்டையாகவோ கீழ்நோக்கியோ வளைந்திருந்தால் லோடு அதிகம். அது ஏற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கும், இறக்கத்தில் நிற்கச் சிரமப்படும். பாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சரக்கு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாய்ந்த பக்கத்தில் இணையாக ஓட்டவே கூடாது.

வைக்கோல் லாரி தனி ரகம். சட்டப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டர். வைக்கோலோ தேங்காய் மட்டையோ நாரோ ஏற்றினால் இரண்டு பக்கமும் பிதுங்கி அதைத் தாண்டிவிடும். பின்விளக்கும் இண்டிகேட்டரும் சரக்குக்குள் மறைந்துபோகும், ஓட்டுநரின் கண்ணாடிக்கும் பின்னால் எதுவும் தெரியாது. அவர் பிரேக் அடித்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் முந்த வருவது அவருக்குத் தெரியாது. இப்படி ஒரு வண்டி முன்னால் போனால் வழக்கமான இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

இனி கண்ணாடி. லாரியைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டுநருக்குத் தெரியாத இடங்கள் உண்டு. நேர் பின்னால், பாடியை ஒட்டி. நேர் முன்னால், மூக்கில்லாத கேபினுக்குக் கீழே. இரண்டு மீட்டருக்குள் நிற்கும் பைக்கும் குழந்தையும் அவர் கண்ணில் படாமல் போகலாம். வலப்பக்கம் கதவுக்குச் சற்றுப் பின்னால் ஒரு துண்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது இடப்பக்கம். ஓட்டுநர் வலது ஓரத்தில், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். இடது கதவை ஒட்டி வரும் ஸ்கூட்டர் அவரைப் பொறுத்தவரை இல்லை. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்களை அவரால் பார்க்க முடியாது. பழைய விதிதான், இப்போதும் இதைவிட நல்ல சோதனை கிடையாது. முகம் தெரிவதால் மட்டும் அவர் பார்த்துவிட்டார் என்று ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு இடப்பக்கத்துக்கு ஒரு ஆள் இருந்தார். கிளீனர் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார், கதவைத் தட்டிச் சத்தம் கொடுப்பார், கை காட்டுவார். இப்போது பல லாரிகள் ஓட்டுநர் ஒருவரோடு மட்டும் ஓடுகின்றன. இன்னொரு மாற்றம், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். ஓட்டுநர்களுக்கு வெகு காலமாக வர வேண்டியிருந்த வசதி, வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் சன்னல் மூடிய கேபினுக்குள் உங்கள் ஹாரன் முன்பு போலக் கேட்காது. பகலிலும் ஹெட்லைட்டை ஒருமுறை இருமுறை அடித்துக் காட்டுவதே இனி நம்பகமானது.

நான்குவழிச் சாலையில் லாரிகள் ஏன் வலது லேனிலேயே போகின்றன என்று எரிச்சல்படாத கார் ஓட்டுநர் இல்லை. விதிப்படி அவை இடது லேனில்தான் போக வேண்டும். ஆனால் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைப் பக்கம் இடது லேனைக் கொஞ்ச நேரம் கவனித்தால் காரணம் புரியும். சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் பைக், ஓரத்தில் நிறுத்திய லாரி, பஸ் நிறுத்தம். 30 டன்னை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்து மறுபடி கியர் ஏற்றுவதைவிட வலது லேனில் ஒரே வேகத்தில் போவது அவர்களுக்குச் சுலபம். நியாயம் இல்லை, காரணம் உண்டு.

இதன் விளைவாக நாம் இடப்பக்கமாக முந்துகிறோம், அதாவது லாரியின் மிகப் பெரிய குருட்டுப் பகுதி வழியாக. முதலில் வலது லேனிலேயே, நாற்பது மீட்டர் பின்னால் இருந்து, ஹெட்லைட் அடித்துக் கொஞ்சம் பொறுங்கள். பலர் சைடு கொடுப்பார்கள். கொடுக்கவில்லை, இடது லேன் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் முன்னால் குறைந்தது 300 மீட்டர் காலியாக இருக்கிறதா, சர்வீஸ் ரோடு வாய் ஏதும் இல்லையா என்று பாருங்கள். லாரியின் முன்னால் மெதுவாகப் போகும் இன்னொரு வண்டி இருந்தால் போகவே வேண்டாம். அந்த வண்டியை விட்டு விலக லாரி இடப்பக்கம்தான் திரும்பும். போவதானால் லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் விட்டு, வேக வித்தியாசம் 20 கிலோமீட்டராவது இருக்கும்படி, நிற்காமல் கடந்துவிடுங்கள். லாரிக்கு இணையாக ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதுதான் மிக ஆபத்தான நிலை. ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்தபின் மேலே புதுப் பட்டை ஒட்டிய, டயரின் பட்டை கழன்று பறப்பதும், இரட்டைச் சக்கரத்தின் நடுவில் மாட்டிய கல் தெறிப்பதும் அந்த இடத்தில்தான்.

இருவழிச் சாலை வந்துவிட்டால் கணக்கே வேறு. நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் நெடுங்காலம் இருவழியாகவே கிடந்து, நேருக்கு நேர் மோதல்களுக்குப் பெயர் வாங்கியதை இந்தப் பக்கம் எல்லோரும் அறிவார்கள். பொள்ளாச்சி–பாலக்காடு சாலையும் அதன் கிளைகளும் அப்படித்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 12 மீட்டர் லாரியை நீங்கள் 80-இல் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். லாரிக்குப் பின்னால் 25 மீட்டரில் தொடங்கி, லாரியின் நீளம், உங்கள் காரின் நீளம், முன்னால் 25 மீட்டர் என 66 மீட்டரைப் பிடிக்க 12 நொடி ஆகும். அந்த 12 நொடியில் உங்கள் கார் 267 மீட்டர் ஓடுகிறது. எதிரில் 80-இல் வருகிறவரும் அதே 267 மீட்டரைத் தின்கிறார். ஆக அரை கிலோமீட்டருக்கு மேல் எதிர்லேன் வெறுமையாகத் தெரிய வேண்டும். 18 மீட்டர் டிரெய்லர் என்றால் இன்னும் ஒரு நொடி சேர்த்துக்கொள்ளுங்கள். அரை கிலோமீட்டர் நேர்பார்வை கிடைக்கும் இடங்கள் எல்லைக் கிராமச் சாலைகளில் எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

லாரியின் வாலை ஒட்டிப் போனால் இந்தப் பார்வை கிடைக்கவே கிடைக்காது. பலர் பத்து மீட்டரில் ஒட்டிக்கொண்டு, மூக்கை வெளியே நீட்டிப் பார்த்து, உள்ளே இழுத்து, மறுபடி நீட்டுகிறார்கள். எதிரே வருகிறவருக்கு அந்த நீட்டலே ஆபத்து. நாற்பது மீட்டர் பின்னால் இருந்தால் சாலையின் பெரும்பகுதி வெளியே வராமலே தெரியும். இடப்பக்கம் லேசாக வளையும் இடத்தில் லாரியின் இடப்பக்கமாகவும், வலப்பக்கம் வளையும் இடத்தில் வலப்பக்கமாகவும் முன்னால் பார்க்கலாம். பின்தங்கிப் போவதில் இன்னொரு லாபம், முந்தத் தொடங்கும் முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொள்ள இடம் கிடைக்கும். எதிரில் வண்டி தெரிந்தால் திரும்பி ஒதுங்கவும் இடம் இருக்கும். சாலையில் ஒரு கம்பத்தை லாரியின் வால் கடந்த பிறகு மூன்று நொடி கழித்து நீங்கள் கடக்க வேண்டும், மழையில் ஐந்து நொடி. நடுவில் இன்னொரு கார் புகுந்துவிடுகிறதே என்பார்கள். புகட்டும், மறுபடி பின்தங்கிக்கொள்ளுங்கள். வாளையாரிலிருந்து பாலக்காடு போய்ச் சேர அதனால் இரண்டு நிமிடம்கூட அதிகம் ஆகாது.

சைகைகளை நம்பாதீர்கள். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம்: வலப்பக்கம் திரும்பப் போகிறேன், எதிரில் வண்டி வருகிறது முந்தாதே, அல்லது வட இந்திய வழக்கப்படி, நீ முந்திக்கொள். இந்தச் சாலையில் நாடு முழுவதிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. எண் பலகையைப் பார்த்து ஊகிப்பதும் பயன்படாது, வண்டி ஓர் ஊர், ஓட்டுநர் வேறோர் ஊர். இடது இண்டிகேட்டர் போட்டுக் கை அசைத்தால் தென்னாட்டில் பெரும்பாலும் போகலாம் என்று பொருள். ஆனால் அவர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார், உங்கள் காரின் இழுவையோ உங்கள் பின்னால் இருந்து கிளம்பிய இன்னொரு வண்டியோ அவருக்குத் தெரியாது. சைகை ஒரு தகவல், அவ்வளவுதான். எதிரில் வரும் வண்டி பிரைட் அடித்தால் நம் நாட்டில் அதற்கு “நான் வருகிறேன், நீ நில்” என்றே அர்த்தம். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

திருப்பங்களில் லாரியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். வண்டி நீளமாக நீளமாக இந்த வெட்டு கூடும். அதனால்தான் டிரெய்லர் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் வலப்பக்கம் ஒதுங்குகிறது. அப்போது இடப்பக்கத்தில் ஓர் அழகான காலி இடம் திறக்கும். பைக்காரர்கள் அதில் புகுந்துவிடுகிறார்கள். சில நொடிகளில் பின்சக்கரம் அதே இடத்துக்கு வருகிறது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் போன்ற ஊர்களின் நெருக்கமான சந்திப்புகளில் இதுவே முதல் ஆபத்து. லாரி திரும்பத் தொடங்கிவிட்டால் பின்னால் நின்றுவிடுங்கள். அதேபோலச் சிக்னலில் லாரியின் மூக்கை ஒட்டி நிற்காதீர்கள். மூன்று மீட்டராவது முன்னால் போய் நிற்க இடம் இல்லையென்றால் பின்னாலேயே நில்லுங்கள்.

டிப்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் டிப்பர் ஓடத் தடை உண்டு. நல்ல ஏற்பாடு. தடை முடியும்வரை ஓரத்தில் காத்திருந்த வண்டிகள், முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன, விட்ட நேரத்தைப் பிடிக்கும் அவசரத்தோடு. அந்தக் கால்மணி நேரம் நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். டிப்பருக்குப் பின்னால் போனால் தார்ப்பாய் மூடியிருக்கிறதா, பின்கதவு கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஜல்லி உதிர்கிற வண்டியை வேகமாக முந்த நினைப்பதைவிட விட்டுவிடுவது கண்ணாடிக்கு நல்லது. பைக்காரர் என்றால் கண்ணுக்கு நல்லது. ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஒன்றும் இருக்காது. நமக்கு அது முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான். வாளையாரிலிருந்து பாலக்காடு நோக்கிப் போகும்போது காற்று ஏறக்குறைய முகத்தில் அடிக்கும். லாரிக்குப் பின்னால் இருக்கும்வரை அதன் நிழலில் சுகமாகப் போவீர்கள். முந்திக்கொண்டு கேபினைத் தாண்டும் கணத்தில் காற்று முழுதாக அடித்து வேகம் இறங்கும், பைக் என்றால் தெளிவாகவே தெரியும். லாரியின் முன்னால் திரும்ப வேண்டிய அதே கணத்தில் உங்கள் வேகம் குறைகிறது என்பதுதான் சிக்கல். ஒரு கியர் குறைத்து, இழுவையை மிச்சம் வைத்துக்கொண்டு முந்துங்கள்.

கோவை–பொள்ளாச்சி சாலை வடக்கு தெற்காகப் போவதால் அங்கே அடிப்பது பக்கக்காற்று. கோவை நோக்கி வரும்போது காற்று இடப்பக்கம். லாரியின் வலப்புறமாக முந்தும்வரை அது மறைவு கொடுக்கும், கேபினைக் கடந்ததும் காற்று உங்களை வலப்பக்கம், மீடியன் பக்கமாகத் தள்ளும். பொள்ளாச்சி நோக்கிப் போகும்போது காற்று வலப்பக்கம், அது உங்களை லாரியின் மேலேயே தள்ளப் பார்க்கும். இரண்டாவதுதான் பைக்குக்கு மோசம். காலி கண்டெய்னரும் வைக்கோல் லாரியும் காற்றில் தாமாகவே ஒரு அடி அலையும். 3.5 மீட்டர் லேனில் 2.6 மீட்டர் லாரி ஓடும்போது இரு பக்கமும் 45 சென்டிமீட்டர்தான் மிச்சம். அந்த ஒரு அடி அசைவுக்குப் பிறகு லேன் கோட்டுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சாண்கூட இராது.

இரவில் ஓடும் லாரியைவிட நிற்கும் லாரி ஆபத்து. டிம் வெளிச்சத்தில் சுமார் 40 முதல் 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். 80-இல் போகும் கார் நிற்க 68 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதாவது டிம்மில் 80 ஓட்டினால், விளக்கில்லாமல் நிற்கும் லாரியைப் பார்த்த பிறகும் மோதித்தான் நிற்பீர்கள். 60-இல் ஓட்டினால் 45 மீட்டரில் நின்றுவிடலாம். எதிரில் யாரும் இல்லாதபோது பிரைட் போடுங்கள், வந்தால் டிம் செய்து வேகத்தையும் குறையுங்கள். விதிப்படி லாரியின் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை நிறத்தில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தாலும் சேறு, சிமெண்ட் தூசி படிந்தால் ஒளிராது. மதுக்கரைப் பக்கம் ஓடும் சிமெண்ட் லாரிகளைப் பகலிலேயே பாருங்கள், பட்டையின் நிறம் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

லாரியின் பின்னால் மோதுவது சுவரில் மோதுவதைவிடக் கொடியது. சுவரில் காரின் பம்பரும் முன்பக்கச் சட்டமும் மோதி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும், ஏர்பேக் விரியும். லாரியில் பம்பருக்கு எதிராக ஒன்றும் இல்லாவிட்டால் பானெட் அடியில் புகுந்துவிடும். லாரியின் பாடி நேரே முன்கண்ணாடியையும் அதைத் தாங்கும் தூண்களையும் தாக்கும். அந்த உயரத்தில் காருக்குப் பலம் கிடையாது, ஏர்பேக் நேரத்துக்கு விரியும் என்ற உறுதியும் இல்லை. இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும். பள்ளத்தில் இடிக்கிறது என்று மேலே தூக்கிக் கட்டியதும், பேருக்குத் தகரத்தில் செய்து மாட்டியதும் சாலையில் நிறைய. பின்னால் போகும்போது இந்தச் சட்டத்தைப் பார்க்கப் பழகுங்கள். இல்லாத வண்டி என்றால் இடைவெளியைக் கூட்டுங்கள்.

இடது ஓரத்தில் தூரத்தில் கறுப்பாக ஏதாவது தெரிந்து, அது நகர்கிறதா நிற்கிறதா என்று ஐயம் வந்தால், நிற்கிறது என்றே எடுத்துக்கொண்டு காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். டீக்கடை, தாபா, டோலுக்கு முன்பின், லாரிப் பேட்டை வாசல் என எங்கெல்லாம் ஓட்டுநர்கள் இறங்குவார்களோ அங்கெல்லாம் இடது லேனில் பாதியை மறித்து வண்டி நிற்கும்.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை தூக்கத்தின் நேரம். லாரி இடது வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பினால், காரணமில்லாமல் வேகம் ஏறி இறங்கினால், வளைவில் தாமதமாகத் திரும்பினால் ஓட்டுநர் அயர்ந்துகொண்டிருக்கிறார். ஒட்டி முந்தாதீர்கள். தூரத்திலிருந்தே நீளமாக ஹாரன் கொடுத்து, வண்டி நேரானதும், அகலமாக இடம் விட்டுக் கடந்துபோங்கள். 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே இதே 544-ஆம் எண் சாலையில், டைல்ஸ் ஏற்றிய கண்டெய்னர் லாரி மீடியனைத் தாண்டி மறுபக்கம் வந்து, பெங்களூருவிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்தார்கள். மீடியன் இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசை லாரி நம் கணக்கில் இல்லாமல் போகாது. அந்த நேரத்தில் முந்தும் வேலை இல்லாதபோது வலது லேனில் மீடியனை ஒட்டி ஓட்டுவதில் ஒரு லாபமும் இல்லை.

மழை தொடங்கும் நாட்களில், முதல் ஒரு மணி நேரம், கோடை முழுக்கச் சாலையில் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் நீரோடு கலந்து வழுக்கும். 2024 டிசம்பர் 12 அன்று பாலக்காடு–கோழிக்கோடு சாலையில் கரிம்பா அருகே பனயம்பாடத்தில், மழை பெய்துகொண்டிருந்தபோது வளைவில் சிமெண்ட் லாரி கவிழ்ந்து, பள்ளி முடிந்து நடந்துபோன நான்கு மாணவிகள் இறந்தார்கள். ஈர வளைவில் உயரமான லோடு ஏற்றிய லாரிக்கு வெளிப்பக்கத்தில் இணையாக இருக்காதீர்கள், வளைவு முடியட்டும். மழையில் லாரியை முந்தும்போது அதன் சக்கரங்கள் கிளப்பும் சாரலில் மூன்று நான்கு நொடி ஒன்றும் தெரியாது. முந்தத் தொடங்குவதற்கு முன்பே வைப்பரை அதிவேகத்தில் வைத்துவிடுங்கள், நடுவில் கை தடவித் தேடாதீர்கள்.

பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும் வழியில் வரும் குதிரான் சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் பழக இரண்டு மூன்று நொடி ஆகும். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, நுழையும் முன்பே ஹெட்லைட் போட்டு, உள்ளே லேன் மாறாமல் போங்கள். முன்னால் லாரி மெதுவாகப் போனால் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

புளியரை, குமுளி பக்கம் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு: மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நிற்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் லாரி மேலே இருந்து வந்தாலும் கீழே இருந்து வந்தாலும் முழுச் சாலையும் அதற்கு வேண்டும், வளைவுக்கு முன்பே நின்று விடுங்கள். இறங்கும் லாரியிடமிருந்து கருகல் நாற்றம் வந்தாலோ சக்கரத்தில் புகை தெரிந்தாலோ அதன் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கத் தொடங்கியிருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு லாரியின் முன்னால் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே முன்னால் இருந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அதைப் போகவிடுங்கள். ஏற்றத்தில் நிற்கும் லாரிக்குப் பின்னால் நான்கு மீட்டராவது விடுங்கள், கிளம்பும்போது பின்னால் உருளும். டோல் வரிசையிலும் இதே இடைவெளி வேண்டும். டோலை நெருங்கும் லாரியின் முன்னால் குறைந்த வரிசை தேடிக் குறுக்கே புகும் கார்களுக்கு என்ன சொல்வது, அந்த லாரி நிற்பதற்காக விட்டு வைத்த இடத்தைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

டேங்கர்களுக்கு விதிப்படி வேகம் 60-க்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தும் கருவி இருக்க வேண்டும், டிப்பர்களுக்கும் அப்படியே. மற்ற லாரிகளுக்கு 80. பாதி நிரம்பிய டேங்கரில் திரவம் முன்னும் பின்னும் அலையும். நின்ற பிறகும் அது வண்டியை ஓர் உந்து உந்தும், வளைவில் வெளிப்பக்கம் சாய்க்கும். பின்னால் இருக்கும் பலகையில் நான்கு இலக்க எண்ணைக் கவனித்து வையுங்கள்: 1075 என்றால் எல்பிஜி, 1203 என்றால் பெட்ரோல். இப்படி ஒரு வண்டி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் ஓடையிலும் தேங்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, மேட்டை நோக்கி, சில நூறு மீட்டர் விலகுங்கள். வாயு நாற்றம் அடிக்கும் இடத்தில் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், இறங்கி நடந்துவிடுங்கள். செல்போனையும் விலகிய பிறகே எடுங்கள்.

உங்கள் வண்டியே நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், முடிந்தவரை இடது ஓரம் தள்ளி, ஹஸார்ட் விளக்கு போட்டு, எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். காருக்குப் பின்னால் நின்று கை காட்டுவதோ, உள்ளேயே உட்கார்ந்திருப்பதோ கூடாது. முக்கோணப் பலகையைக் காரின் வாலில் சாய்த்து வைத்தால் பயன் இல்லை, ஐம்பது மீட்டர் பின்னாலாவது வைக்க வேண்டும், வண்டிகள் வரும் பக்கத்தைப் பார்த்தபடி ஓரமாகவே நடந்து போய். அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கூப்பிடும்போது ஊர்ப்பெயரோடு ஓரத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், கோவை நோக்கிய பக்கமா பாலக்காடு நோக்கிய பக்கமா என்பதையும் சொல்லுங்கள். மீடியன் உள்ள சாலையில் பக்கம் மாறிச் சொன்னால் ஆம்புலன்ஸ் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.